பிரேக் பேடு வாங்கும்போது கையில் எடுத்துப் பாருங்கள்

குலசேகரத்தில் வாடகைக் கார் ஓட்டுகிறேன். கோதையாறு மலைப்பாதையில் இறங்கும்போது பேடின் தரம் தானாகவே தெரிந்துவிடும்.

தேயும் பகுதி 3 மி.மீ.க்கு வந்தால் மாற்றிவிடுங்கள். கீச்சென்று சத்தம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

கடையில் வண்டிப் பெயர் மட்டும் போதாது. மாடல், வருடம் சொல்லி, பழைய பேடையும் காட்டுங்கள். அப்புறம் பெட்டியைப் பிரித்துப் பாருங்கள். ஓரத்தில் விரிசலோ, இரும்புத் தகட்டுக்கும் பேடுக்கும் நடுவே நகம் நுழையும் இடைவெளியோ இருந்தால் அது வேண்டாம். பல பேடுகளின் விளிம்பில் இரண்டு ஆங்கில எழுத்து இருக்கும். முதலாவது சாதாரணச் சூட்டில் உள்ள பிடிமானம், இரண்டாவது நன்றாகச் சூடேறிய பிறகு உள்ளது. 'எஃப்எஃப்' என்றால் சரி. 'எஃப்ஈ' என்றால் சூட்டில் பிடி குறையும். மலை இறக்கத்துக்கு நான் அதைத் தொடமாட்டேன்.

உலோகத் தூள் கலந்த செமி மெட்டாலிக் பேடு சூடு தாங்கும், ஆனால் சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கைக் (பேடு பிடிக்கும் வட்டு) கொஞ்சம் கூடுதலாகத் தேய்க்கும். பீங்கான் கலவையில் செய்த செராமிக் பேடில் சத்தமும் தூசியும் குறைவு, விலை அதிகம். நாகர்கோவில் டவுனுக்குள் மட்டும் ஓட்டுபவருக்குக் கம்பெனி பேடே போதும்.

குளச்சல், முட்டம் பக்கத்துக்காரர்கள் பெயின்ட் ஒழுங்காகப் பூசிய தகடாகப் பார்த்து எடுங்கள். உப்புக்காற்று சும்மா விடாது. பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் நகரும் பின் (pin) கம்பிக்கு பிரேக் கிரீஸ்தான் போட வேண்டும், சாதாரண கிரீஸ் ஆகாது.

இடம், வலம் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்தே மாற்றுங்கள். வண்டியை நகர்த்தும் முன் பெடலை நாலைந்து தடவை மிதித்து, இறுக்கம் வந்ததா என்று பாருங்கள்.