ஆபா எண்ணை இணைத்த பிறகும் மருத்துவப் பதிவுகள் ஏன் பேசிக்கொள்வதில்லை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருத்துவப் பதிவுகளைக் கணினி வழியே பகிர வழிசெய்யும் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் 2021 செப்டம்பரில் நாடு முழுக்கத் தொடங்கப்பட்டது. அதில் சேர மென்பொருள் தேடும் மருத்துவமனைக்கும் லேபுக்கும் விற்பனையாளர் காட்டும் டெமோ பெரும்பாலும் ஒன்றுதான்: நோயாளியின் பதிவுகளை இணைக்கும் அடையாள எண்ணான ஆபா எண்ணைத் தட்டி, நோயாளியிடம் ஒப்புதல் வாங்கினால் பழைய ரிப்போர்ட் திரையில் வந்து நிற்கும். வந்ததைத் திறந்தால் பல நேரம் ஸ்கேன் செய்த பிடிஎஃப். டாக்டர் படித்துக்கொள்ளலாம். மென்பொருளோ அதிலிருந்து ஓர் எண்ணைக்கூட நம்பி எடுக்க முடியாது. சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் கிரியாட்டினைனை மூன்று வருடத்துக்கு வரிசையாகக் காட்டாது, ஒவ்வாமை உள்ள மருந்தை எழுதினால் எச்சரிக்காது.

பழைய காகிதக் கோப்புகளுக்கு பிடிஎஃப் தவிர வேறு வழியில்லை, அதில் குற்றமும் இல்லை. இன்றைக்கு உருவாகும் ரிப்போர்ட்டையும் அப்படியே அனுப்புவதுதான் முதல் தவறு. மருத்துவத் தரவைப் பரிமாற இந்த மிஷன் பயன்படுத்தும் ஃபயர் (FHIR) தரநிலையின் 4ஆம் பதிப்பில் ஒவ்வொரு பரிசோதனை முடிவையும் தனித்தனி ‘அப்சர்வேஷன்’ பதிவாக அனுப்பலாம், கூடவே பிடிஎஃபையும் இணைக்கலாம். இரண்டையும் செய்யுங்கள்.

எண்ணாக அனுப்பத் தொடங்கியதும் அடுத்த வகைத் தவறுகள் வரிசை கட்டும். டெங்கு சீசனில் தினமும் பார்க்கும் பிளேட்லெட்டையே எடுத்துக்கொள்வோம். நம் ஊர் லேப்கள் பல அதை லட்சக் கணக்கில் எழுதுகின்றன: 2.5. அதாவது கன மில்லிமீட்டருக்கு இரண்டரை லட்சம், இயல்பான அளவு. பதிவைப் பெறும் மென்பொருள் மைக்ரோலிட்டருக்கு (கன மில்லிமீட்டரும் அதே அளவுதான்) எத்தனை ஆயிரம் என்று எதிர்பார்க்கிறது. அதன் கணக்கில் இது 250 என்று வந்திருக்க வேண்டும். அலகு என்ற கட்டத்தை காலியாக விட்டு 2.5 என்று மட்டும் அனுப்பினால் அந்தப் பக்கம் அது 2,500 ஆகிவிடும். ஒரே ரத்தம், ஒரு திரையில் நலம், இன்னொரு திரையில் உயிர் ஆபத்து. சர்க்கரையில் இந்த ஆபத்து சற்றுக் குறைவு, ஏனென்றால் டெசிலிட்டருக்கு 126 மில்லிகிராம் என்பதும் லிட்டருக்கு 7 மில்லிமோல் என்பதும் பார்த்தவுடனே வேறு வேறு எனத் தெரியும். 2.5ஐப் பார்த்து அப்படிக் கண்டுபிடிக்க முடியாது.

எனவே அலகை வெறும் எழுத்தாக எழுதாமல் யூகம் (UCUM) என்ற அலகுக் குறியீட்டு முறையில் அனுப்ப வேண்டும். அதில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு உண்டு: சிறிய ‘எம்’ மில்லி, பெரிய ‘எம்’ மெகா. ‘லட்சம்’ என்ற சொல் அதில் அலகாகக் கிடையாது. லேப் மென்பொருளே ஆயிரத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும். மாற்றும் வேலையைப் பெறுபவர் தலையில் கட்டாதீர்கள், அவருக்கு உங்கள் லேபின் பழக்கம் தெரியாது.

பரிசோதனையின் பெயரிலும் இதே கதை. ‘சுகர்’, ‘பிளட் சுகர்’, ‘குளுக்கோஸ் எஃப்’ என்று ஒவ்வொரு லேபும் ஒன்று வைத்திருக்கும். பொதுக் குறியீடாக லாயின்க் (LOINC) இருக்கிறது, ஆனால் அதைப் பொருத்தும்போது ‘குளுக்கோஸ்’ என்று தேடி முதலில் வருவதை எடுத்துவிடுகிறார்கள். 2345-7 என்பது சீரம் அல்லது பிளாஸ்மாவில் பொதுவான குளுக்கோஸ். 1558-6 வெறும் வயிற்றில் எடுத்தது. 14749-6 மில்லிமோல் கணக்கில் சொல்வது. எந்தப் பொருள், எந்த வகை அளவு, எந்த நேரம், எந்த மாதிரி, எந்த வகை விடை, தேவையானால் எந்த முறை என ஆறு அம்சங்கள் பொருந்தினால்தான் குறியீடு சரி. இந்த வேலையை கணினிப் பிரிவிடம் மட்டும் ஒப்படைக்க வேண்டாம். லேப் டெக்னீஷியன் பக்கத்தில் உட்கார வேண்டும். லேபின் எல்லாப் பரிசோதனைகளையும் ஒரே மூச்சில் பொருத்தவும் வேண்டியதில்லை. அதிகம் செய்யப்படும் ஐம்பதில் தொடங்கினாலே பெரும்பகுதி ரிப்போர்ட் அடங்கிவிடும்.

இந்தக் குறியீட்டுப் பட்டியலை எக்செலில் தயாரிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 2345-7 என்று தட்டினால் எக்செல் அதைத் தேதியாக்கிவிடும். நோய், ஒவ்வாமை போன்றவற்றைக் குறிக்கும் ஸ்னோமெட் (SNOMED) குறியீட்டில் 15 இலக்கத்துக்கு மேல் போகும் எண்களின் கடைசி இலக்கங்களைப் பூஜ்ஜியமாக்கிவிடும். தட்டுவதற்கு முன்பே அந்தப் பத்தியை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவையுங்கள்.

தமிழ்நாட்டில் பெயர் ஒரு தனிப் பிரச்சினை. பல மென்பொருள்கள் ‘குடும்பப் பெயர்’ கட்டத்தை நிரப்பாமல் நகர விடாது. கவுண்டரில் இருப்பவர் என்ன செய்வார்? எஸ். முருகன் என்பவருக்குக் குடும்பப் பெயராக ‘எஸ்’ போடுவார். பக்கத்து மருத்துவமனையில் அப்பா பெயர் சுப்பிரமணியன் அந்தக் கட்டத்தில் இருக்கும், மூன்றாவது இடத்தில் வெறும் புள்ளி. ஃபயர் இதைக் கட்டாயப்படுத்தவில்லை. முழுப் பெயரை ஒரே வரியாக எழுத அதில் இடம் இருக்கிறது. கட்டாயமாக்கியது மென்பொருள் செய்தவர். பெயரை நோயாளி சொன்னபடி முழுதாக வைத்துக்கொண்டு, ஆளை அடையாளம் காண எண்களையே நம்ப வேண்டும்.

அந்த எண்ணிலும் கவனம் தேவை. மருத்துவமனைப் பதிவு எண் 10234 என்பது எத்தனையோ மருத்துவமனைகளில் இருக்கும். யார் கொடுத்த எண் என்ற முகவரி இல்லாமல் அனுப்பினால் இரண்டு பேர் ஒருவராகிவிடுவார்கள். செல்போன் எண்ணை அடையாளமாக வைப்பது இன்னும் மோசம். வீட்டில் நான்கு பேருக்கும் ஒரே எண்தான். ஒருவருக்கு இரண்டு பதிவு இருந்தால் தொல்லை, இரண்டு பேருக்கு ஒரே பதிவு இருந்தால் ஆபத்து. சந்தேகம் வந்தால் தானாக இணைக்க விடாமல் ஒரு மனிதர் பார்த்து இணைக்கட்டும், பிரிக்கவும் வழி இருக்கட்டும்.

பிறந்த தேதியை நேரத்தோடு சேமித்து உலக நேரத்துக்கு மாற்றும் மென்பொருள்களும் உண்டு. நமக்கும் அதற்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம் என்பதால் விடிகாலை 3 மணிக்குப் பிறந்த குழந்தை முந்தைய நாளுக்குப் போய்விடும். பிறந்த தேதிக்கு நேர மண்டலமே வேண்டாம். வருடம் மட்டும் தெரிந்த பெரியவருக்கு ஜனவரி 1 என்று இட்டுக்கட்டவும் வேண்டாம். வருடத்தை மட்டும் அனுப்ப ஃபயர் அனுமதிக்கிறது.

ரிப்போர்ட்டின் நிலையைச் சொல்லாமல் விடுவதும் அடிக்கடி நடக்கிறது. ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பிளட் கல்ச்சரில் முதலில் தற்காலிக முடிவு வரும், சில நாள் கழித்து இறுதி முடிவு. தட்டச்சுப் பிழை திருத்தப்பட்டு மீண்டும் வருவதும் உண்டு. ஒவ்வொரு முறையும் புதிய அடையாள எண்ணோடு ‘இறுதி’ என்றே அனுப்பினால் பெறுபவர் திரையில் மூன்று முடிவுகள் நிற்கும், எது செல்லும் என்று தெரியாது. அதே எண்ணை வைத்துக்கொண்டு நிலையை மட்டும் மாற்றி அனுப்புங்கள்.

ஒவ்வாமைப் பட்டியல் காலியாக இருந்தால் ‘ஒவ்வாமை இல்லை’ என்று பொருள் இல்லை. கேட்கவே இல்லை என்பதாகவும் இருக்கலாம். கேட்டு, இல்லை என்று சொன்னால் அதற்கென்றே ஸ்னோமெட்டில் குறியீடு இருக்கிறது: 716186003.

அனுப்பும் கோப்பை, அது தரநிலைப்படி இருக்கிறதா என்று சரிபார்க்கும் வேலிடேட்டர் ஏற்றுக்கொண்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. அது கட்டங்களின் அமைப்பைத்தான் முதன்மையாகப் பார்க்கும். 2.5 ஆயிரம் பிளேட்லெட் என்பது அமைப்பில் பிழையில்லாத பதிவு. ஆகவே சோதனைத் தளத்தில் கற்பனை நோயாளிகள் சிலரை வைத்து, லட்சக் கணக்குப் பிளேட்லெட், இனிஷியல் உள்ள பெயர், திருத்தப்பட்ட ரிப்போர்ட் எல்லாம் அவர்களில் வரும்படி செய்யுங்கள். அனுப்பிய இடத்து அச்சுப் பிரதியையும் பெற்ற இடத்துத் திரையையும் ஒரு டாக்டர் கையில் கொடுத்து வரிக்கு வரி ஒப்பிடச் சொல்லுங்கள். பிற இடங்களிலிருந்து பதிவு பெறுபவராக இருந்தால் இன்னொன்றையும் சோதிக்க வேண்டும்: நோயாளி தந்த ஒப்புதலில் தரவை எந்தத் தேதிக்குள் அழிக்க வேண்டும் என்பதும் எழுதப்பட்டிருக்கும். அந்தத் தேதி வந்ததும் உங்கள் சர்வரில் அது உண்மையிலேயே அழிகிறதா, பேக்கப்பில் எங்காவது உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.