கூடைப்பந்தில் ரிக் பேரி மாதிரி கீழிருந்து ஃப்ரீ த்ரோ போடுவது எப்படி?

இரண்டு கையாலும் பந்தைத் தொடைகளுக்கு நடுவே தொங்கவிட்டு, அப்படியே மேலே தூக்கி வீசுவதைப் பார்த்தால் பக்கத்தில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அமெரிக்க ஆட்டக்காரர் ரிக் பேரி, அந்நாட்டுத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்.பி.ஏ.வில் நூற்றுக்குத் தொண்ணூறு ஃப்ரீ த்ரோ (எதிரணி தவறு செய்தால் கிடைக்கும் தடையில்லா வீச்சு) போட்டது இப்படித்தான். ஹூஸ்டன் ராக்கெட்ஸில் ஆடிய 1978-79 சீசனில் 169க்கு 160. தவறியது ஒன்பதே ஒன்பது. 1975இல் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் கோப்பை வென்றபோது இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரரும் அவர்தான். ஓடும் ஆட்டத்தில் அவரும் எல்லோரையும் போலத்தான் ஷாட் அடித்தார். மறிக்க ஆள் இல்லாத ஃப்ரீ த்ரோவுக்கு மட்டுமே இந்த முறை.

ஃப்ரீ த்ரோ கோட்டுக்குப் பின்னால் இரு பாதங்களும் ரிங்கைப் பார்க்க, தோள் அகலத்துக்கு நில்லுங்கள். ஒரு கால் முன்னே போனால் இடுப்பு திரும்பும், பந்தும் திரும்பும். பந்தின் இரு பக்கமும் விரல்களை விரித்துப் பிடியுங்கள். உள்ளங்கை ஒட்டக் கூடாது. கைகளைத் தளர்த்தித் தொங்கவிடுங்கள். தோள் காதுப்பக்கம் ஏறியிருந்தால் மூச்சை விட்டு இறக்குங்கள்.

முழங்காலைக் கொஞ்சம் மடக்கி நிமிரும்போதே கைகளும் மேலே வர வேண்டும். முழங்கை மடங்கக் கூடாது. முகத்துக்கு எதிரே வரும்போது இரு மணிக்கட்டையும் ஒன்றாக மேல்நோக்கிச் சுழற்றி விடுங்கள். பந்தின் கோடுகள் உங்களை நோக்கி உருண்டபடி போனால் சரியாக விட்டிருக்கிறீர்கள். உயரமாக வளைந்து, இந்தப் பின்சுழலோடு இறங்கும் பந்து ரிங்கில் பட்டாலும் தெறித்து ஓடாது. தட்டித் தடுமாறி உள்ளே விழும். குறி ரிங்கின் முன்விளிம்புக்குச் சற்று மேலே, ரிங்குக்குப் பின்னால் இருக்கும் போர்டைப் பார்க்காதீர்கள்.

பந்து இடமோ வலமோ போனால் ஒரு கை மற்றதை முந்துகிறது. வலக்கைக்காரர்களுக்கு இது கட்டாயம் வரும். பிடியைத் தளர்த்தினால் பாதி சரியாகும். பந்து குட்டையாக விழுந்தால் கையால் வேகமாக இழுக்காதீர்கள், முழங்காலை இன்னும் கொஞ்சம் மடக்குங்கள். சுழலே இல்லையென்றால் மணிக்கட்டு பூட்டிக்கிடக்கிறது.

முதலில் ரிங்கிலிருந்து இரண்டு மீட்டரில் நின்று, பத்துக்கு எட்டு விழுந்த பிறகு ஓர் அடி பின்னே போங்கள். போர்டிலிருந்து 15 அடி தூரத்துக் கோட்டுக்கு அவசரம் வேண்டாம்.

என்.பி.ஏ.வின் இன்னொரு பெரிய ஆட்டக்காரர் வில்ட் சேம்பர்லின் 1961-62இல் இப்படிப் போட்டு 61 சதவீதம் எடுத்தார். 100 புள்ளி குவித்த அந்த ஆட்டத்தில் 32க்கு 28. பிறகு வெட்கப்பட்டு விட்டுவிட்டார், 1967-68இல் 38 சதவீதத்துக்கு இறங்கினார். அதனால் தனியாகப் பழகியது போதாது. அணியினர் வேடிக்கை பார்க்கும்போது, ஓடிக் களைத்த பயிற்சியின் கடைசியில் இருபது போடுங்கள். கணக்கில் எழுத வேண்டியது அந்த இருபதைத்தான்.