லவ்ஜாயின் கல்லறை: பார்க்கப் போகிறவர்களும் எழுதுகிறவர்களும் செய்யும் தவறுகள்

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், மிஸிஸிப்பி ஆற்றங்கரையில் ஆல்டன் என்று ஓர் ஊர். அங்குள்ள கல்லறைத் தோட்டத்துக்குப் போனால் முதலில் கண்ணில் படுவது ஒரு தூண். 90 அடிக்கு மேல் உயரம். உச்சியில் சிறகு விரித்து நிற்கும் வெண்கல வெற்றித் தேவதை. அடிமை முறையை எதிர்த்து எழுதியதற்காகக் கொல்லப்பட்ட பத்திரிகை ஆசிரியர் எலைஜா பாரிஷ் லவ்ஜாய்க்கு எழுப்பிய நினைவுத்தூண் அது. வருகிறவர்கள் காரை நிறுத்துகிறார்கள், அண்ணாந்து பார்க்கிறார்கள், நாலு படம் எடுத்து "லவ்ஜாயின் கல்லறை" என்று எழுதிப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். முதல் தடவை நானும் அப்படித்தான் கிளம்பி வந்தேன்.

அவர் அந்தத் தூணுக்குக் கீழே இல்லை. இதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு. தூண் திறக்கப்பட்டது 1897 நவம்பர் 8 அன்று. மாநில அரசு 25,000 டாலர் கொடுத்தது, ஊர் மக்களும் பணம் சேர்த்தார்கள். அவர் இறந்து அப்போது அறுபது வருஷம் ஆகியிருந்தது. அவரைப் புதைத்த இடம் அதே தோட்டத்தில், தூணைத் தாண்டி உள்ளே கொஞ்ச தூரம் நடந்தால் வரும். அங்கே இருப்பது ஒரு சின்னக் கல்தான். தேடிப் போகாதவர் கண்ணில் அது படாது. ஆகவே தூணின் படத்தைப் போடுகிறவர்கள் "நினைவுத்தூண்" என்றே எழுதுங்கள். கல்லறை என்று எழுத வேண்டுமானால் உள்ளே நடந்து போய் அந்தக் கல்லைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், தன் கல்லறை எங்கே இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே ஊர் நடுவில் நின்று சொன்ன மனிதர் அவர். 1837 நவம்பர் 3 அன்று ஆல்டனில் ஒரு பொதுக்கூட்டம். ஊரில் அமைதி வேண்டுமானால் லவ்ஜாய் பத்திரிகையை விட்டுவிட்டு வெளியேறட்டும் என்பது பெரிய மனிதர்களின் எண்ணம். அவர் எழுந்து பேசினார். செங்கல் வீச்சுக்குப் பயந்து, உடம்பு சரியில்லாத தன் மனைவி ராத்திரிக்கு ராத்திரி படுக்கையை விட்டு எழுந்து மாடியறையில் ஒளிய வேண்டியிருப்பதைச் சொன்னார். சொல்லும்போது அழுதுவிட்டார். பிறகு தன் முடிவைச் சொன்னார்: ஆல்டனை விட்டுப் போகப் போவதில்லை, அதிகாரிகள் காப்பாற்ற மறுத்தால் கடவுளைத்தான் நம்ப வேண்டும், செத்தால் என் கல்லறை ஆல்டனில்தான். நாலே நாளில், நவம்பர் 7 ராத்திரி, அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள்.

அந்த ராத்திரியைப் பற்றி எழுதுகிறவர்கள், கும்பல் அழித்த அவருடைய அச்சு இயந்திரங்களின் எண்ணிக்கையில் சறுக்குகிறார்கள். சிலர் மூன்று என்கிறார்கள், சிலர் நான்கு என்கிறார்கள். கணக்கு சிக்கலானதில்லை. 1836 ஜூலையில் அவர் மிசூரி மாநிலத்து செயின்ட் லூயிஸிலிருந்து ஆல்டனுக்கு இடம் மாறியபோது, கரையில் இறக்கி வைத்த இயந்திரத்தை ஆற்றில் தள்ளிவிட்டார்கள். அடுத்தது 1837 ஆகஸ்டில் போனது, அதற்கடுத்தது செப்டம்பரில். நான்காவதைத்தான் நவம்பரில் காட்ஃப்ரே அண்ட் கில்மன் கிடங்கில் வைத்து, நண்பர்கள் துப்பாக்கியோடு காவல் காத்தார்கள். கும்பல் ஏணி சாத்தி மரக்கூரைக்குத் தீ வைக்கப் பார்த்தது. அதைத் தடுக்க வெளியே வந்த லவ்ஜாய் மேல் ஐந்து குண்டுகள் பாய்ந்தன. அதன் பிறகு இயந்திரத்தை ஜன்னல் வழியாகக் கீழே போட்டு உடைத்து ஆற்றில் வீசினார்கள். ஆக, மூன்று போன பிறகு நான்காவதைக் காக்கும்போது இறந்தார், அதுவும் போய்விட்டது. கும்பலில் லைமன் பிஷப் என்ற ஆளும் அன்றைக்குக் குண்டடிபட்டு இறந்தார். அதை மறைத்து எழுதுவதும் தவறுதான். கிடங்குக்குள் இருந்தவர்களிடமும் துப்பாக்கி இருந்தது.

வயதிலும் தவறு வருகிறது. அவர் பிறந்தது 1802 நவம்பர் 9, மெய்ன் பகுதியிலுள்ள ஆல்பியனில். இரண்டு வருஷங்களையும் கழித்துவிட்டு "35 வயதில் இறந்தார்" என்று எழுதிவிடுகிறார்கள். 35 ஆக இன்னும் இரண்டு நாள் இருந்தது. அந்தப் பிறந்தநாளில்தான் அவரை அடக்கம் செய்தார்கள். சின்னதாக ஒரு ஜெபம், விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள், அவ்வளவுதான். அப்போது கல் எதுவும் வைக்கவில்லை.

இப்போது இருக்கும் கல் அன்றைக்கே வைத்தது, இடமும் அதே இடம் என்று நினைப்பது இன்னொரு தவறு. எனக்கு மனதில் ரொம்ப நாள் நின்ற பகுதி இது. பல வருஷங்கள் அந்தப் புதைகுழியைக் கவனிக்க ஆளில்லை. கல்லறைத் தோட்டத்துக்குப் பாதை போட்டபோது அது அவர் கிடந்த இடத்தின் மேலேயே போயிற்று. எலும்புகளுக்கு மேலே வண்டிகள் ஓடின. டாமஸ் டிம்மக் என்ற பத்திரிகையாளர்தான் இதைப் பொறுக்காமல் இடத்தைத் தேடினார். அவருக்கு வழி காட்டியவர் ஸ்காட்ச் ஜான்ஸ்டன் என்ற கறுப்பினத்தவர். 1837இல் அடக்கத்துக்கு உதவியவர்களில் ஒருவர், இடத்தை நினைவில் வைத்திருந்தவர். தோண்டியபோது கிடைத்தவை கொஞ்சம் எலும்புகள்தான். அவற்றை எடுத்து வேறு இடத்தில் புதைத்து, அந்தச் சின்னக் கல்லை டிம்மக் நிறுத்தினார்.

டிம்மக்கின் பெயரையாவது சிலர் சொல்கிறார்கள், ஜான்ஸ்டனின் பெயர் விட்டுப்போகிறது. அவர் மறந்திருந்தால் இன்றைக்குப் பார்க்கக் கல்லறையே இல்லை. ஆல்டனைப் பற்றி எழுதுகிறவர்கள் அவர் பெயருக்கு ஒரு வரியாவது ஒதுக்குங்கள்.

சரி, கல்லில் என்ன எழுதியிருக்கிறது? லத்தீனில் "ஹிக் யாசெட் லவ்ஜாய், யாம் பார்ச்சே செபுல்டோ" என்று இருக்கிறது. இதை "லவ்ஜாய் இங்கே அமைதியாக உறங்குகிறார்" என்கிற மாதிரி மொழிபெயர்த்துவிடுகிறார்கள். கல்லறை என்றால் வழக்கமாக அப்படித்தானே இருக்கும் என்ற ஊகம் அது. உண்மையில் அதன் பொருள்: "இங்கே கிடக்கிறார் லவ்ஜாய். புதைந்தவனை இனியாவது விட்டுவிடு." இரண்டாவது வரி ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் ஈனியட் காவியத்தில், மூன்றாம் பகுதியில் வருகிறது. திரேஸ் கரையில் ஒரு மேட்டில் வளர்ந்திருக்கும் செடியைக் காவிய நாயகன் ஈனியஸ் பிடுங்குகிறான். வேரிலிருந்து கறுப்பு ரத்தம் சொட்டுகிறது. மண்ணுக்குள்ளிருந்து குரல் வருகிறது. நம்பிக்கைத் துரோகத்தால் கொல்லப்பட்டு அங்கேயே மண்ணாகிப்போன பாலிடோரஸின் குரல்: ஏன் என்னைக் கிழிக்கிறாய், புதைந்தவனை இனியாவது விட்டுவிடு. எலும்புகளின் மேல் வண்டிச் சக்கரம் ஓடியதைப் பார்த்த ஒருவர் இந்த வரியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்பது தெரிந்தால்தான் கல்லில் இருக்கும் சொல்லுக்கு உயிர் வருகிறது. இதை வெறும் அஞ்சலி வாசகமாக மொழிபெயர்த்தால் டிம்மக்கின் கோபம் காணாமல் போகிறது.

அடுத்த தவறு வரலாறு சார்ந்தது. இல்லினாயில் அடிமை முறை சட்டப்படி இல்லை, ஆற்றுக்கு அந்தப்பக்கம் மிசூரியில் இருந்தது. ஆகவே, மிசூரிக்காரர்கள் ஆற்றைக் கடந்து வந்து கொன்றார்கள் என்று எழுதிவிட்டால் கதை சுலபமாகிவிடுகிறது. ஆனால் லவ்ஜாய் பாதுகாப்புத் தேடி வந்ததே அந்தச் "சுதந்திர" மாநிலத்துக்குத்தான், அவரைக் கொன்ற கும்பலும் ஆல்டன் ஊர்க்கும்பல்தான். இல்லினாயிலேயே அப்போது கறுப்பர்களைக் கட்டுப்படுத்தும் தனிச் சட்டங்கள் இருந்தன. தெற்கோடு நடந்த வியாபாரத்தை நம்பியிருந்த ஆற்றங்கரை ஊர் அது, அங்கே இப்படி எழுதுகிற ஆசிரியர் இருப்பது பலருக்குப் பிடிக்கவில்லை. அடுத்த வருஷம் வழக்கு நடந்தபோது முதலில் கூண்டில் ஏற்றப்பட்டவர்கள் கிடங்கைக் காத்தவர்கள்! அவர்களும் விடுதலை, அப்புறம் கும்பலும் விடுதலை. லவ்ஜாய் கொலைக்காக யாருமே தண்டிக்கப்படவில்லை.

மிசூரியை அவர் விட்டுவந்த காரணத்தையும் பலர் ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். 1836 ஏப்ரலில் செயின்ட் லூயிஸில் பிரான்சிஸ் மக்கின்டாஷ் என்ற சுதந்திரமான கறுப்பினத்தவரை, ஓர் அதிகாரியைக் குத்திக் கொன்றதற்காக, ஒரு கும்பல் சிறையிலிருந்து இழுத்துப் போய் மரத்தில் சங்கிலியால் கட்டி உயிரோடு எரித்தது. விசாரணையில் நீதிபதி லூக் லாலெஸ், திரளான கூட்டம் சேர்ந்து செய்ததைச் சட்டத்தால் தண்டிக்க முடியாது என்கிற ரீதியில் ஜூரிக்கு வழிகாட்டி, பழியை லவ்ஜாயின் பத்திரிகை பக்கம் திருப்பினார். லவ்ஜாய் அந்த நீதிபதியைக் கண்டித்து எழுதினார். அவருடைய அச்சகம் சூறையாடப்பட்டது. ஆல்டனுக்கு அவர் வந்தது அதனால்தான். மக்கின்டாஷ் பெயரைச் சொல்லாமல் லவ்ஜாய் கதையைச் சொல்வது பாதிக் கதை. 1838 ஜனவரியில் ஸ்பிரிங்ஃபீல்டில் 28 வயது லிங்கன் கும்பல் வன்முறையைப் பற்றிப் பேசியபோது, மக்கின்டாஷை எரித்ததைப் பெயர் சொல்லியே பேசினார். லவ்ஜாய் பெயரைச் சொல்லவில்லை. அச்சு இயந்திரங்களை ஆற்றில் வீசுவதையும் ஆசிரியர்களைச் சுடுவதையும் மட்டும் குறிப்பிட்டார். கேட்டவர்களுக்குப் புரிந்திருக்கும்.

லவ்ஜாயைப் பிறவியிலேயே புனிதராக்கி எழுதுவதும் வேண்டாம். 1830களின் தொடக்கத்தில் அவர் செயின்ட் லூயிஸ் டைம்ஸ் நடத்தியபோது, அச்சகத்தில் வேலை செய்த பையன்களில் ஒருவர் வில்லியம் வெல்ஸ் பிரவுன். அப்போது அவர் அடிமை. அவருடைய எஜமானர் அவரைக் கூலிக்கு விட்டிருந்தார். அதாவது, பின்னாளில் அடிமை ஒழிப்புக்காக உயிர்விட்டவர் ஓர் அடிமையின் உழைப்புக்கான கூலியை எஜமானரிடம் கொடுத்துக்கொண்டிருந்தார். பிரவுன் தப்பிப்போய் எழுத்தாளரானார். 1847இல் வெளியிட்ட தன் வரலாற்றில் லவ்ஜாயை நல்ல மனிதர் என்றும், அடிமையாக இருந்தபோது கற்ற கொஞ்சநஞ்சமும் அந்த அச்சகத்தால் கிடைத்தது என்றும் எழுதினார். அடிமைகளை உடனே விடுவிக்க வேண்டும் என்ற கருத்தை லவ்ஜாய் ஏற்றுக்கொண்டது பிற்பாடுதான். அவர் எழுதியவற்றில் கத்தோலிக்கர்களுக்கு எதிரான கடுமையும் நிறைய உண்டு. இதையெல்லாம் சொன்னால் அவர் மதிப்பு குறைந்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மனம் மாறி, மாறிய இடத்தில் உயிர் போகும்வரை நின்றவர் என்பது சின்ன விஷயமா?

கல்லறைக்குப் போகிறவர்கள் கையால் செய்யும் தவறுகளும் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய கல்லில் எழுத்து தெரியவில்லை என்று ஷேவிங் கிரீம், மாவு, சாக்பீஸ் எதையும் பூசாதீர்கள். நுரையிலுள்ள அமிலம் கல்லின் துளைகளில் தங்கிவிடும். கம்பி பிரஷ், பிளீச் கிட்டவே கொண்டுபோகாதீர்கள். பளிங்கு வயதானால் மேல்பரப்பு சர்க்கரை மாதிரி உதிரும், ஒரு தேய்ப்பில் எழுத்தே போய்விடும். காகிதம் வைத்துக் கரித்துண்டால் தேய்த்து அச்சு எடுப்பதும் வேண்டாம். சுத்தம் செய்ய வேண்டுமென்றால் தோட்டத்தை நிர்வகிப்பவர்களிடம் கேளுங்கள். அவர்கள் சரி என்றால் வெறும் தண்ணீர், மெத்தென்ற பிரஷ், அவ்வளவு போதும். படிக்க மட்டும்தான் வேண்டுமென்றால் ஒரு கைக்கண்ணாடி எடுத்துப் போங்கள். வெயிலை அதில் வாங்கி, பக்கவாட்டிலிருந்து கல் மேல் சரிவாக விழும்படி சாய்த்தால், ஒவ்வொரு எழுத்தின் பள்ளத்திலும் நிழல் தங்கும். கல்லைத் தொடாமலே படித்துவிடலாம்.

கடைசியாக, குடும்பம். "லவ்ஜாய் குடும்பக் கல்லறை" என்று தேடுகிறவர்கள் அண்ணனும் தம்பியும் ஒரே இடத்தில் இருப்பார்கள் என்று நினைத்து ஆல்டனுக்கு வந்து ஏமாறுகிறார்கள். தம்பி ஓவன் லவ்ஜாய் இருப்பது அதே மாநிலத்தில், பிரின்ஸ்டன் ஊரின் ஓக்லண்ட் கல்லறைத் தோட்டத்தில். நியூ ஜெர்சி பிரின்ஸ்டனோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். எலைஜா இறையியல் படித்தது அங்கே என்பதால் அந்தக் குழப்பமும் நடக்கிறது. அண்ணனின் உடலருகே நின்று, இந்த ரத்தம் தெளிக்கப்பட்ட காரியத்தை ஒருநாளும் கைவிட மாட்டேன் என்று சபதம் செய்தவர் ஓவன். அவருடைய பிரின்ஸ்டன் வீடு தப்பியோடி வந்த அடிமைகளுக்குப் புகலிடமாக இருந்தது. இன்றைக்கு அது அருங்காட்சியகம். 1856இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்குத் தேர்வானார். இன்னும் மாநிலமாகாத பிரதேசங்களில் அடிமை முறையை ஒழித்த 1862ஆம் வருஷச் சட்டத்துக்கு முன்நின்றார். 1864 மார்ச்சில் இறந்தார். அவருக்கு நினைவுச்சின்னம் வைக்கும் முயற்சி பற்றி லிங்கன் அந்த மே மாதம் எழுதிய கடிதத்தில், பளிங்கு நினைவுச்சின்னம் இருக்கட்டும், அதைவிட நிலைத்தது எல்லா மனிதர்களுக்கும் சுதந்திரம் விரும்புகிறவர்களின் மனதில் இருக்கிறது என்ற பொருளில் சொல்கிறார். இந்த வாசகத்தை எலைஜாவின் தூணுக்கு அடியில் போட்டுப் பகிர்கிறார்கள். அது ஓவனுக்காக எழுதியது.

ஆல்டனிலிருந்து பிரின்ஸ்டனுக்கு வடக்கே காரில் சுமார் 3 மணி நேரம். காலையில் கிளம்பினால் ஒரே நாளில் இரண்டையும் பார்க்கலாம். ஆல்டனை முதலில் பாருங்கள். சபதம் அங்கேதான் பிறந்தது.