கேட்டதைப் பார்த்ததாக எழுதாதீர்கள்: போர்நிறுத்தக் கண்காணிப்புக்குப் போகிறவர்களுக்கு

ஐ.நா. இராணுவப் பார்வையாளராகத் தேர்வாகும் இளம் அதிகாரிகள் சிலர், புறப்படுவதற்கு முன் கேரளத்திலுள்ள கொழிஞ்சாம்பாறைக்கு வந்து என்னோடு ஓரிரு நாள் தங்கிப் போவார்கள். பெரும்பாலும் பாலக்காட்டுச் சித்தூர், பொள்ளாச்சி, கோவைப் பக்கத்துப் பிள்ளைகள். டெல்லியில் அவர்களுக்கு முறையான பயிற்சி உண்டு, நல்ல பயிற்சி. அதற்கு மேல் நான் சேர்ப்பது சில எச்சரிக்கைகளை மட்டும்தான். வருகிற முகங்கள் மாறுகின்றன. தவறுகள் மட்டும் எங்கள் காலத்தில் நாங்கள் செய்தவையாகவே இருக்கின்றன. தண்ணீர் நிறையக் குடியுங்கள், தடுப்பூசி அட்டையை மறக்காதீர்கள், தலைக்கவசத்தைக் கழற்றாதீர்கள் என்றெல்லாம் சொல்ல ஆள் நிறைய இருக்கிறார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

## கேட்டதைப் பார்த்ததாக எழுதுவது

இந்த வேலையில் இதைவிடக் கேடான தவறு கிடையாது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

பார்வையாளர் கையில் ஆயுதம் இல்லை. 1948-இல் மத்திய கிழக்கில் ஐ.நா.வின் முதல் கண்காணிப்புப் பணி தொடங்கியதிலிருந்து அதுதான் வழக்கம். ஒரு பைனாகுலர், ஒரு திசைகாட்டி, வரைபடம், வயர்லெஸ், ஒரு குறிப்பேடு. இவ்வளவுதான் அவருடைய உடைமை. எதிரெதிரே துப்பாக்கியோடு நிற்கும் இரண்டு படைகள் அவரை நடுவில் விட்டுவைப்பதற்குக் காரணம், அவர் எழுதுவதை இருவரும் நம்பலாம் என்பதுதான். அந்த நம்பிக்கை ஒருமுறை கெட்டால் மீட்க மாதக்கணக்கில் ஆகும்.

நான் இருந்த ஒரு நிலையில் இரவுப் பணியில் இருந்த இளம் கேப்டன் ஒருவர் மூன்று முறை தொடர் வேட்டுச் சத்தம் கேட்டார். தெற்கிலிருந்து கேட்டது. உடனே அறிக்கை எழுதினார்: "தெற்குத் தரப்பு தானியங்கித் துப்பாக்கியால் மூன்று முறை சுட்டது. போர்நிறுத்த மீறல்." விடிவதற்குள் அது மேலிடத்துக்குப் போய்விட்டது. மறுநாள் தெற்குத் தரப்பின் தொடர்பு அதிகாரி வந்தார். முந்தைய இரவு தங்கள் பக்கம் ஒரு தோட்டாகூடச் செலவாகவில்லை என்றார். விசாரித்தபோது வடக்கே மலைக்குக் கீழே இருந்த கிராமத்தில் கல்யாணம் நடந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வானத்தை நோக்கிச் சுட்டிருந்தார்கள். எதிர்மலையில் பட்டுத் திரும்பிய சத்தம் தெற்கிலிருந்து வருவதுபோல் கேட்டிருக்கிறது.

திருத்த அறிக்கை அனுப்பினோம். திருத்தத்தை யார் படிக்கிறார்கள்? தெற்குத் தரப்பு எங்கள் ரோந்து வண்டிகளைச் சாவடியில் நிறுத்தத் தொடங்கியது. "பாதுகாப்புக் காரணம்" என்று ஒரே பதில். எங்கள் துணையோடு மட்டுமே போர்நிறுத்தக் கோட்டுக்கு அருகிலுள்ள தோப்புகளுக்குப் போக முடிந்த விவசாயிகள், ஒலிவ அறுவடை நடந்த அந்த வாரங்களில் வீட்டிலேயே இருக்க வேண்டியதாயிற்று. வழி மறுபடி திறந்தபோது நான் ஒரு பெரியவரோடு அவருடைய தோப்புக்குப் போனேன். மரத்தடியில் பழங்கள் கறுத்துச் சுருங்கிக் கிடந்தன. அவர் ஒரு பிடி அள்ளி, விரலால் நசுக்கி, கையை என் பக்கம் நீட்டினார். எண்ணெய்க்குப் பதில் புளித்த வாடைதான் வந்தது. ஓர் ஆண்டு வருமானம் அது.

என்னை இன்றும் எரிச்சலூட்டுவது அந்தக் கேப்டன் சொன்ன சமாதானம்: "எப்போதும் சுடுகிறவர்கள் அவர்கள்தானே, எல்லோருக்கும் தெரியுமே." எல்லோருக்கும் தெரியும் என்றால் பார்வையாளர் எதற்கு?

சத்தம் எப்படி ஏமாற்றும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒலியைவிட வேகமாகப் போகும் தோட்டா உங்களைக் கடக்கும்போது முதலில் சாட்டையடிபோல் ஒரு வெடிப்புச் சத்தம் கேட்கும். துப்பாக்கி முனையின் கனத்த சத்தம் அதன்பின்தான் வரும். முதலில் கேட்டது துப்பாக்கி இருக்கும் திசையைக் காட்டாது. தோட்டா போன பாதையில் உங்களுக்கு மிக அருகே இருந்த இடத்தைத்தான் காட்டும். புதியவர்கள் பத்துக்கு ஒன்பது பேர் அந்த முதல் சத்தத்துக்குத்தான் திசைகாட்டியைத் திருப்புகிறார்கள். கண்ணுக்கு வெளிச்சம் தெரிந்தால் கதை வேறு: வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் இடையே எண்ணுங்கள், மூன்று விநாடிக்குச் சுமார் ஒரு கிலோமீட்டர். வெளிச்சம் தெரியாவிட்டால் தூரத்தை எழுதவே எழுதாதீர்கள்.

இதைப் பழக்க எங்கள் ஊர் தோதான இடம். பாலக்காட்டுக் கணவாயில் கிழக்குக் காற்று வீசும் மாதங்களில், காற்று வாட்டத்தில் சத்தம் வெகுதூரம் வரும். எதிர்க்காற்றில் பக்கத்துச் சத்தமும் அமுங்கிவிடும். நென்மாறை வல்லங்கி வேலைத் திருவிழாவுக்குச் சேர்ந்தாற்போல் கோயில் கதினா வெடிகள் முழங்கும் பருவத்தில் பிள்ளைகளை வயல் வரப்பில் உட்கார வைப்பேன். குறிப்பேட்டில் நான்கு பத்தி: பார்த்தேன், கேட்டேன், சொன்னார்கள், நினைக்கிறேன். ஒருமுறை நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தபோது காலையில் பெரிதாக ஒரு வெடி அதிர்ந்தது. ஒருவன் தவிர எல்லோரும் "கோயில் கதினா" என்று முதல் பத்தியிலேயே எழுதியிருந்தார்கள். அந்த ஒருவன் எழுதியது "கல்குவாரியில் வெடி வைத்தார்கள்." அதையும் தவறு என்று அடித்தேன்.

"சார், குவாரிதானே? சரியாகத்தானே எழுதியிருக்கிறேன்?"

"சரிதான் தம்பி. குவாரியைப் பார்த்தாயா?"

அவன் பதில் சொல்லவில்லை. பிறகு அடித்துவிட்டு எழுதினான்: "06:40, பெரிய வெடிச்சத்தம் ஒன்று கேட்டது, தோராயமாகத் தென்மேற்கு. புகை, வெளிச்சம் தெரியவில்லை. கல்குவாரியாக இருக்கலாம், உறுதி செய்யவில்லை." இப்படி ஓர் அறிக்கையை எந்தத் தரப்பும் தூக்கி எறிய முடியாது.

கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம்மவர்கள் சொல்வார்கள். நீதிபதிக்கு அது பொருந்தும். பார்வையாளருக்குத் தீர விசாரிக்க நேரம் இருக்காது. முதல் அறிக்கை உடனே போக வேண்டும். ஆகவே கண்டதைக் கண்டது என்றும் கேட்டதைக் கேட்டது என்றும் பிரித்து அனுப்புங்கள். விடிந்ததும் இடத்துக்குப் போய்க் குண்டு விழுந்த பள்ளத்தைப் பாருங்கள், தோட்டா உறைகளை எண்ணுங்கள், சிதறல் எந்தப் பக்கம் நீண்டிருக்கிறது என்று அளந்து இரண்டாவது அறிக்கை அனுப்புங்கள். யார் சுட்டது என்ற வரி வருமானால், அதிலோ அதற்குப் பின்போதான் வர வேண்டும்.

சித்தூர் விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் கேரளத்துக்கு வர வேண்டும். அதை மணக்கடவில் அளக்கிறார்கள். இரண்டு மாநிலங்களும் ஆயிரம் வாதம் செய்யலாம், ஆனால் அளவுகோலில் தண்ணீர் நின்ற மட்டம் இவ்வளவு என்று எழுதுகிறவர் அங்கே யாருடைய வழக்கறிஞராகவும் இருக்கக் கூடாது.

## வரைபடக் கோடு தரையிலும் இருப்பதாக நம்புவது

லெபனானின் தெற்கே 2000-இல் ஐ.நா. குறித்த நீலக்கோடு சுமார் 120 கிலோமீட்டர். இஸ்ரேலியப் படை விலகியதா என்று சரிபார்க்கக் குறித்தது, நாட்டெல்லை அல்ல. அதை எல்லை என்று ஒரு கூட்டத்தில் சொல்லிப் பாருங்கள், இரண்டு பக்கமும் எழுந்து போய்விடும். கோலான் குன்றுகளில் 1974 முதல் ஆல்பா, பிராவோ என்று இரண்டு கோடுகள். இடையில் ஒப்பந்தப்படி இரு நாட்டுப் படைகளும் இருக்கக் கூடாத நிலம், நடுவில் சுமார் 10 கிலோமீட்டர் அகலம், தெற்குக் கோடியில் சில நூறு மீட்டர். எத்தியோப்பியா–எரித்ரியா போருக்குப் பின் 25 கிலோமீட்டர் பாதுகாப்பு மண்டலம் முழுவதும் எரித்ரியாவுக்குள் வைக்கப்பட்டது. இறுதி எல்லை எது என்பது அப்போது முடிவாகவில்லை. ஒவ்வொரு கோட்டுக்கும் தனிச் சரித்திரம் உண்டு. உங்கள் கோட்டின் ஒப்பந்தத்தை மூல வாசகத்திலேயே படியுங்கள், சுருக்கம் போதாது.

பிள்ளைகளை வேலந்தாவளம் பக்கம் அழைத்துப் போய், தோப்புகளுக்குள் மாநில எல்லைக்கல்லைத் தேடச் சொல்வேன். கையிலுள்ள கருவி ஓர் இடத்தைக் காட்டும். கல் வேறோர் இடத்தில், பாதி மண்ணில் புதைந்து, கொடி படர்ந்து கிடக்கும். தோப்புக்காரர் வந்து சுட்டிக்காட்டிய பிறகுதான் கண்ணில் படும். அந்த வித்தியாசம் சில மீட்டர் என்றாலும், பதற்றமான ஓர் இடத்தில் ஆடு மேய்க்கும் பையன் பிடிபடுவதற்கு அது போதும்.

## சாலையை விட்டு இறங்குவது

கண்ணிவெடி. சிறுநீர் கழிக்கக்கூட இறங்காதீர்கள்.

## ஒரு பக்கத்தில் மட்டும் தேநீர் குடிப்பது

இரண்டு பக்கமும் குடியுங்கள், ஒரே அளவு நேரம் உட்காருங்கள். எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

## நேரத்தைக் குறிக்காமல் விடுவது

உள்ளூர் நேரமா, கிரீன்விச் நேரமா என்று ஒவ்வொரு முறையும் எழுதுங்கள்.

## அனுமதியை அதிகாரம் என்று நினைப்பது

நீலத் தொப்பி போட்டதும் சிலருக்குக் குரல் மாறிவிடுகிறது. சாவடியில் சிப்பாய் வண்டியை மறித்தால், பாதுகாப்பு மன்றத் தீர்மானத்தின் எண்ணைச் சொல்லிச் சத்தம் போடுகிறார்கள். அந்தச் சிப்பாய்க்குத் தீர்மானம் தெரியாது. அவனுடைய ஹவில்தாரைத் தெரியும்.

நாம் அங்கே நிற்பது அவர்கள் சம்மதத்தால். 1967 மே மாதம் எகிப்து வெளியேறச் சொன்னது. 1956 முதல் அங்கிருந்த ஐ.நா. படை, நம் நாட்டு மேஜர் ஜெனரல் ரிக்யே தலைமையில் இருந்த படை, விலகத் தொடங்கியது. ஜூனில் போர் வெடித்தபோது இந்திய வீரர்களும் உயிரிழந்தார்கள். எரித்ரியா 2005 அக்டோபரில் ஐ.நா. ஹெலிகாப்டர்கள் பறக்கத் தடை விதித்தது. பின்னர் எரிபொருளையும் முடக்கியது. 2008 ஜூலை 31-உடன் அந்தப் பணியே முடிந்துபோனது. ஒரு நாடு நினைத்தால் இவ்வளவு செய்ய முடியும் என்னும்போது, சாவடியில் நிற்பவனிடம் எதற்கு வீராப்பு? மறித்தால் நில்லுங்கள். எத்தனை மணிக்கு, யார், என்ன காரணம் சொல்லி மறித்தார் என்று எழுதுங்கள். திரும்பி வாருங்கள். நடமாட்டத்தைத் தடுத்ததும் ஒரு மீறல்தான். அதை மேலே பேசுவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தேவை உங்கள் குறிப்பு.

## மொழிபெயர்ப்பாளரை முன்னால் நிறுத்துவது

கடுமையான கேள்வியை அவர் வாயால் கேட்டுவிட்டு நீங்கள் பின்னால் நிற்காதீர்கள். நீங்கள் ஓராண்டில் ஊருக்குத் திரும்புவீர்கள். அவர் அந்த ஊர்க்காரர். அவருடைய தம்பியும் மாமாவும் அதே சாவடியைக் கடந்துதான் சந்தைக்குப் போக வேண்டும். பேசும்போது கமாண்டரின் முகத்தைப் பாருங்கள், "நான் கேட்கிறேன்" என்று உங்கள் பெயரில் கேளுங்கள். யார் தகவல் சொன்னார் என்று குறிப்பேட்டில் பெயரை எழுதாதீர்கள். குறிப்பேடுகள் பறிபோவது உண்டு.

## ஒப்படைப்புக் குறிப்பை ஒரு பக்கத்தில் முடிப்பது

பார்வையாளர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். எதிரே இருக்கும் உள்ளூர் கமாண்டரோ அதே குன்றில் ஆண்டுக்கணக்கில் இருப்பார். புதியவர் வந்த முதல் வாரத்தில் அவர் சோதித்துப் பார்ப்பார்: பழைய ஆள் இந்தப் பதுங்குகுழிக்குச் சம்மதித்தார், இந்தப் பாதையில் நீங்கள் வருவது வழக்கம் இல்லை என்பார். மறுக்க உங்களிடம் எழுத்தில் ஏதாவது இருக்க வேண்டும். ஆகவே போகும்போது எந்தப் பதுங்குகுழி எந்தத் தேதியில் இருந்தது, எத்தனை மணல்மூட்டை, யார் என்ன வாக்குக் கொடுத்தார், எந்த மேய்ப்பர் எந்தக் கிணற்றுக்கு எந்த நாளில் வருவார் என்பதையெல்லாம் புகைப்படத்தோடும் வரைபடப் புள்ளியோடும் விட்டுச் செல்லுங்கள். அடுத்தவருடன் குறைந்தது ஒரு ரோந்து சேர்ந்து போய், இரு தரப்புத் தொடர்பு அதிகாரிகளிடமும் நீங்களே அவரை அறிமுகம் செய்துவிட்டு விமானம் ஏறுங்கள்.