புகையில்லா அடுப்பு புகைகிறதா? தீயறையையும் குழாயையும் நீங்களே மாற்றலாம்

கடலூர், புதுச்சேரி பக்கம் கேஸ் வந்த பிறகும் பல வீடுகளின் பின்கட்டில் விறகு அடுப்பு அப்படியேதான் இருக்கிறது. வெந்நீர் போட, நெல் அவிக்க, நாலு பேர் கூடுதலாக வந்துவிட்டால் பெரிய பானையில் சோறு வடிக்க. அதில் பாதி, குழாய் வைத்துக் கட்டிய புகையில்லா அடுப்பு. கட்டின புதிதில் நன்றாக எரியும். சில வருஷம் போனால் குழாயில் போக வேண்டிய புகை முகத்துக்கு வரும். ‘இந்த அடுப்பே இப்படித்தான்’ என்று சொல்லிவிட்டு ஊதாங்குழலைத் தேடுவோம். அடுப்பை இடிக்க வேண்டியதில்லை. உள்ளே தேய்ந்துபோன பாகத்தை மட்டும் மாற்றினால் போதும். கொத்து வேலை தெரியாதவர்களும் செய்யக்கூடியதுதான்.

புகை என்பது எரியாமல் தப்பித்துப் போகும் விறகு. விறகு சூடானதும் அதிலிருந்து ஆவி கிளம்புகிறது. அது எரிந்தால் தீ, எரியாவிட்டால் புகை. இந்தப் புகை தானாகப் பற்றிக்கொள்ள சுமார் 600 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். குளிர் நாடுகளில் வீட்டைச் சூடாக்கும் விறகு அடுப்புகள் சிலவற்றில் இதற்கென்றே ஒரு பாகம் வைத்திருக்கிறார்கள். பல்லேடியம், பிளாட்டினம் பூசிய, நெடுக நுண்ணிய துளைகள் போட்ட பீங்கான் கட்டி அது. கேட்டலிட்டிக் கம்பஸ்டர் என்று பெயர். அதன் வழியாகப் போகும் புகை 260 டிகிரி அளவிலேயே எரிந்துவிடும். வீரியம் குறைந்ததும் கழற்றிவிட்டு வேறு ஒன்றை மாட்டிக்கொள்கிறார்கள். நம் அடுப்பில் அந்தக் கட்டி கிடையாது. அதனால் தீ இருக்கும் இடத்திலேயே சூடு வெளியேறாமல் நிற்க வேண்டும். அந்தப் பொறுப்பு முழுக்கத் தீயறையின் உள்சுவருக்கு. அந்தச் சுவர் உதிர்ந்து, வெடித்து, பள்ளமாகிவிட்டால் சூடு அடுப்பின் உடம்புக்குள் போய்விடும், புகை எரியாமல் வெளியே வரும்.

உடைப்பதற்கு முன்னால்

முதலில் குற்றவாளி யார் என்று பாருங்கள். பானையை அடுப்பில் வைத்துக் குனிந்து பார்த்தால் விளிம்பைச் சுற்றி வெளிச்சம் தெரிகிறதா? பழைய பழக்கத்தில் அடுப்பு வாயில் மூன்று குமிழ் வைத்துவிடுவார்கள். திறந்த அடுப்புக்கு அது சரி. குழாய் வைத்த அடுப்பில் பானை வாயோடு ஒட்டி உட்கார வேண்டும். இடுக்கு இருந்தால் புகை அங்கேயே வந்துவிடும், குழாய்க்குப் போகாது. இது மட்டும்தான் குறை என்றால் குமிழைத் தட்டிவிட்டு வாயைக் களிமண்ணால் பானைக்குத் தக்கபடி மெழுகுங்கள், வேலை முடிந்தது.

அடுத்து குழாய். பானை வைக்கும் இரண்டு வாயையும் (தீக்கு நேர் மேலே உள்ளது ஒன்று, பின்னால் உள்ள கொடியடுப்பு இன்னொன்று) பானையால் மூடிவிட்டு, செய்தித்தாளைச் சுருட்டிப் பற்றவைத்து விறகு வைக்கும் வாயருகே பிடியுங்கள். சுடர் உள்ளே சாய்ந்தால் குழாய் இழுக்கிறது. நேராக நின்றாலோ வெளியே சாய்ந்தாலோ கரி அடைத்திருக்கிறது, அல்லது உயரம் போதவில்லை. காலையில் நன்றாக எரிகிற அடுப்பு மதியத்துக்கு மேல் மட்டும் புகைகிறதென்றால் கடற்காற்றைச் சந்தேகப்படுங்கள். கிழக்கிலிருந்து வரும் காற்று பக்கத்து வீட்டு மாடியில் மோதி உங்கள் குழாய்க்குள் இறங்கும். போன வருஷம் இல்லாத மாடி இந்த வருஷம் எழும்பியிருந்தால் அடுப்பின் மேல் தப்பில்லை.

கடைசியாகத் தீயறை. டார்ச் அடித்துப் பாருங்கள், கம்பியால் சுவரைத் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் உயிர் இருக்கிறது. பொதபொதவென்று கேட்டு மண் உதிர்ந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. அடுப்பின் வெளிச்சுவரில் கை வைக்க முடியாத சூடு அடிப்பதும் அதே அறிகுறி.

எப்போது செய்யலாம்

தைப்பொங்கல் முடிந்ததிலிருந்து சித்திரை வரை நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகையில் தொடவே தொடாதீர்கள். நம் ஊர் அடைமழையில் களிமண் காயாது. வேலைக்கு ஒரு நாள் போதும், ஆனால் காய்வதற்கு இரண்டு வாரம் அடுப்பைச் சும்மா விட வேண்டும். வடலூர் தருமசாலையில் 1867 மே 23 அன்று வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. நம் வீட்டு அடுப்புக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

என்னென்ன வேண்டும்

தீச்செங்கல், அதாவது கடும் சூடு தாங்கும் செங்கல், ஒரு தீயறைக்குப் பத்துப் பன்னிரண்டு. ஒரு கல் 9 அங்குல நீளம், 4½ அங்குல அகலம், 3 அங்குலக் கனம் இருக்கும். அதை ஒட்டவைக்க ஃபயர் கிளே என்னும் சூடு தாங்கும் களிமண் பொடி ஒரு சிறு மூட்டை. நெய்வேலிப் பக்கத்துக் களிமண்ணை நம்பி விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் வளர்ந்திருப்பதால், உள்ளூர்க் கடையில் இல்லையென்றால் அங்கே விசாரிக்கலாம். தீச்செங்கல் கிடைக்கவே இல்லையா, நன்றாக வெந்த சூளைச் செங்கல்லை எடுங்கள். இரண்டை மோதிப் பார்த்துச் சத்தம் கணீரென்று வருவதை மட்டும் பொறுக்குங்கள். ஆயுள் குறையும், ஆனால் வேலை செய்யும்.

இவை தவிர வாய் மெழுகப் புற்றுமண் அல்லது வயல் களிமண், மணல், ரைஸ்மில்லில் கேட்டால் கிடைக்கும் உமிச்சாம்பல், தீயறையில் விறகைத் தாங்க ஓர் இரும்புச் சல்லடை, உளி, சுத்தியல், கொத்தனார் கரண்டி, ரசமட்டம், முகக்கவசம்.

வார்ப்பிரும்புச் சல்லடை வாங்கினால் கீழே போட்டுவிடாதீர்கள், உடைந்துவிடும். காசு மிச்சம் பிடிக்க நினைத்தால் வீடு கட்டி மிஞ்சிய 12 மில்லிமீட்டர் கம்பியை அளவாக வெட்டி, அரை அங்குல இடைவெளியில் வரிசையாகப் போட்டாலே சல்லடைதான். சூட்டில் நாளாவட்டத்தில் தொய்யும். தொய்ந்ததும் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். இதுதான் எனக்குப் பிடித்த ஏற்பாடு.

சிமென்ட் மட்டும் வாங்காதீர்கள். கொத்தனாரைக் கேட்டால் ‘கொஞ்சம் சிமென்ட் போட்டால் கெட்டியாக இருக்கும்’ என்பார். தீ படும் இடத்தில் சிமென்ட் கட்டுவிட்டு உதிர்ந்துவிடும். வெளிப்பூச்சுக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

பழையதை எடுப்பது

அடுப்பு முழுசாக ஆறியிருக்க வேண்டும். சாம்பலுக்குள் மறுநாள் வரை தணல் பதுங்கியிருக்கும், கிளறிப் பார்த்துவிடுங்கள். உடைக்கும் முன் அளவு எடுப்பது முக்கியம். தீயறையின் நீளம், அகலம், சல்லடையிலிருந்து பானை அடி வரை உள்ள உயரம் மூன்றையும் எழுதிவைத்து, பழைய அட்டைப்பெட்டியை வெட்டித் தரை அளவுக்கு ஓர் அச்சு செய்துகொள்ளுங்கள். போனில் நாலைந்து படமும் எடுங்கள். சுவர் உதிர்ந்து அறை பெரிதாகியிருந்தால், உதிராத மூலையை வைத்துப் பழைய அளவைக் கணக்கிடுங்கள். சல்லடைக்கும் பானை அடிக்கும் நடுவே 6 முதல் 8 அங்குலம் இருந்தால் நல்லது. குறைந்தால் தீ பானையில் மோதிக் கரி பிடிக்கும். கூடினால் விறகு வீணாகும்.

முகக்கவசம் மாட்டிக்கொண்டு, சுவரில் தண்ணீர் தெளித்து, உளியை மேலிருந்து கீழாக வைத்துத் தட்டுங்கள். உள்வரிசை மட்டும் வர வேண்டும், வெளி உடம்பு அசையக் கூடாது. அங்கிருந்து கொடியடுப்புக்குப் போகும் சுரங்கத்தில் கையை விட்டுக் கரியை வழித்தெடுங்கள். கொடியடுப்பின் அடியில் ஒரு மேடு கையில் தட்டுப்படும். தடையாக இருக்கிறதென்று அதை வெட்டிவிடாதீர்கள். தீயை மேலே தள்ளி இரண்டாவது பானையில் படவைப்பது அதுதான். மேட்டுக்கும் பானை அடிக்கும் நடுவே 2 அங்குலம் போல் இருந்தால் போதும். தேய்ந்திருந்தால் மண் வைத்து உயர்த்துங்கள்.

புதிய தீயறை

ஃபயர் கிளேயைத் தோசை மாவுப் பதத்துக்குக் கரைத்துக்கொள்ளுங்கள். கற்களைத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி எடுங்கள். காய்ந்த கல் சாந்தின் ஈரத்தை உறிஞ்சிவிடும், அப்புறம் பிடிக்காது. அட்டை அச்சைத் தரையில் வைத்து, அதைச் சுற்றிக் கற்களைப் பக்கவாட்டில் நிறுத்துங்கள். 3 அங்குலச் சுவர் கிடைக்கும். சந்து 2, 3 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். சாந்து கனமாக வைத்தால் பலம் என்று தோன்றும். உண்மையில் முதலில் வெடிப்பது அந்தக் கனமான சந்துதான். கல்லை வைத்து அழுத்தி, பிதுங்கியதை விரலால் வழித்துவிடுங்கள்.

தீச்செங்கல்லுக்கும் பழைய வெளிச்சுவருக்கும் நடுவே ஓர் அங்குலமாவது இடைவெளி விட்டு, அதில் உமிச்சாம்பலை நிரப்புங்கள். இந்த ஒரு வேலையைத்தான் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். தீச்செங்கல் சூட்டைத் தாங்கும், ஆனால் தடுக்காது. கடத்திவிடும். தடுப்பது நடுவில் இருக்கும் சாம்பல். இதைச் செய்த அடுப்பின் வெளிச்சுவரைச் சமையல் நடக்கும்போதே தொடலாம், தீயறைக்குள் தணல் வெளிறிய மஞ்சளாக நிற்கும். உமிச்சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, தூசி நுரையீரலுக்கு ஆகாது. லேசாக ஈரம் தெளித்துக் கரண்டியால் இறக்குங்கள்.

சல்லடைக்கு இரண்டு பக்கமும் விளிம்பு விட்டு, அதன் மேல் சும்மா வையுங்கள். மண் வைத்துப் பூசாதீர்கள். இரும்பு சூட்டில் நீளும். ஓரத்தில் கால் அங்குலம் இடம் இல்லையென்றால் புதுச் சுவரையே தள்ளிவிடும். கீழே சாம்பல் அறை திறந்திருக்கட்டும், தீக்குக் காற்று அந்த வழியாகத்தான் வருகிறது.

மேல் வாயைப் புற்றுமண்ணும் மணலும் கலந்து மெழுகுங்கள். கலவையில் ஓர் உருண்டை பிடித்து வெயிலில் வைத்துப் பாருங்கள். வெடித்தால் மணல் போதவில்லை, உதிர்ந்தால் மண் போதவில்லை. மெழுகும்போதே நீங்கள் வழக்கமாக வைக்கும் பானையை ஈரத்துணி சுற்றி அழுத்தித் திருப்பி எடுத்தால் வாய் அதன் அளவுக்கே படிந்துவிடும்.

குழாய்

பழைய வீடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் குழாய் இருக்கும். அதை அறுக்கவோ உடைக்கவோ கூடாது. அந்தத் தூசி புற்றுநோய் வரவழைப்பது. நன்றாக நனைத்து, முழுசாகக் கழற்றி, பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் கட்டுங்கள். நன்றாக இருந்தால் எடுக்காமல் கரியை மட்டும் சுத்தம் செய்தால் போதும்.

புதிதாக வைக்க 4 அங்குல ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் எல்லா இடத்திலும் கிடைக்கும். ஆனால் தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம் போலக் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு உப்புக்காற்றில் அது சீக்கிரம் பொத்துவிடும். முடிந்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடுங்கள். பிவிசி குழாய் வேண்டவே வேண்டாம். 80 டிகிரியிலேயே இளகிவிடும், எரிந்தால் அமிலப் புகை விடும்.

இணைக்கும்போது மேல் குழாய் கீழ்க் குழாய்க்குள் இறங்கி உட்கார வேண்டும். மாற்றி மாட்டினால் உள்ளே வழியும் தார்நீர் இணைப்பு வழியாகச் சுவரில் கோடு போடும். கூரைக்கு மேலே உள்ள பகுதி இணைப்பில்லாத ஒரே குழாயாக இருக்கட்டும், மழை இறங்காது. கூரையை விட்டு வெளிவரும் இடத்திலிருந்து 3 அடி, சுற்றி 10 அடிக்குள் இருக்கும் எதையும்விட 2 அடி உயரம் இருக்க வேண்டும். முன்னே சொன்ன மாடிக்காற்றுப் பிரச்சினைக்கும் பெரும்பாலும் உயரம்தான் மருந்து. மேலே தொப்பி மாட்டி, மூன்று பக்கமும் கம்பி இழுத்துக் கட்டுங்கள். 2011 டிசம்பர் 30 ‘தானே’ புயல், 2024 நவம்பர் 30 ‘ஃபெஞ்சல்’ புயல் இரண்டையும் பார்த்த ஊருக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஓட்டு வீடு, தகரக் கூரை சரி. கீற்றுக் கூரை வழியாகக் குழாயை விடாதீர்கள். மரச்சட்டம், கீற்று எதுவானாலும் குழாயிலிருந்து 18 அங்குலம் தள்ளி இருக்க வேண்டும், மேலே பறக்கும் பொறி வேறு இருக்கிறது. அடுப்பு இருக்கும் பகுதிக்கு மட்டுமாவது தகரம் போட்ட பிறகு இந்த வேலையைத் தொடங்குங்கள்.

காயவைத்து மூட்டுவது

பத்து நாள் நிழலில் காயட்டும். வெயில் நேராகப் படாமல் சாக்கு போடுங்கள். அப்புறம் முதல் நாள் காகிதமும் தென்னஞ்சுள்ளியும் வைத்துக் கால் மணி நேரம், மறுநாள் அரை மணி, மூன்றாம் நாள் சிறு விறகு. முதல் நாளே மொத்த விறகைத் திணித்தால் உள்ளே மிச்சமிருக்கும் ஈரம் ஆவியாகி மண்ணைப் பெயர்த்துவிடும். மயிரிழை விரிசல் வரத்தான் செய்யும். ஃபயர் கிளேயைத் தண்ணியாகக் கரைத்துத் துணியால் தடவினால் மூடிக்கொள்ளும்.

விறகு விஷயத்தில் நாம் கொடுத்து வைத்தவர்கள், சவுக்கு இருக்கிறது. விறகுத் தொட்டியில் வாங்கினதும் அப்படியே எரிக்காமல் பிளந்து, காற்றோட்டமான இடத்தில் அடுக்கி, நுனியில் வெடிப்பு விழும் வரை காயவிடுங்கள். பண்ருட்டி பக்கம் மலிவாகக் கிடைக்கிறதென்று முந்திரி ஓட்டைப் போடாதீர்கள். அதில் இருக்கும் எண்ணெய் தோலைப் பொத்துவிடும், புகை கண்ணை எரிக்கும், குழாயில் பிசினாக ஒட்டும். கடலில் கிடந்த பழைய படகுக் கட்டையும் வேண்டாம், உப்பு குழாயை அரித்துவிடும். பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மாதம் ஒருமுறை குழாயைக் கட்டையால் தட்டி, அடியில் விழும் கரியை எடுங்கள். கரி உலர்ந்து தூளாக வந்தால் சரியாக எரிகிறது. பளபளவென்று தாராக ஒட்டினால் விறகு ஈரம், அல்லது சாம்பல் அறை அடைத்துக் காற்று போகவில்லை. முதலில் சாம்பலை அள்ளிவிட்டுப் பாருங்கள்.