வெல்லாவெளி அறிக்கைகள் மட்டும் ஏன் நின்றன?

மட்டக்களப்பில் எங்கள் அலுவலகத்துக்கு வரும் கள அறிக்கைகள், பிரதேசப் பெயரைப் பார்த்து உரிய ஆய்வாளருக்குத் தானாகப் போகும்படி ஒழுங்கு செய்திருந்தேன். வெல்லாவெளி அறிக்கைகள் மட்டும் 3 நாளாக யாருக்கும் போகவில்லை. விதியைத் திரும்ப எழுதினேன், ஆய்வாளரின் மின்னஞ்சலையும் சோதித்தேன். பலனில்லை.

அப்புறம்தான் எக்செல்லில் பிரதேசப் பெயர் இருந்த கட்டத்தைச் சொடுக்கிப் பார்த்தேன். கட்டத்துக்குள் 'வெல்லாவெளி' என்று அழகாக இருந்தது. மேலே சூத்திரப் பட்டையிலோ ஆங்கில எழுத்துகள் குழம்பிக் கிடந்தன. பாமினி எழுத்துரு! கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு ஆங்கிலம். நான் எழுதிய விதி இருந்தது யுனிகோட்டில், அதாவது கணினியும் தமிழாகவே அறியும் குறியீட்டில். அதனால்தான் இரண்டும் பொருந்தவில்லை. பல வருடப் பழக்கம், தட்டச்சு செய்தவரைக் குறை சொல்ல முடியாது.

பழைய பெயர்களை யுனிகோட்டுக்கு மாற்றினேன். இனித் தட்டச்சு வேண்டாம், பட்டியலில் தெரிவு செய்தால் போதும் என்று படிவத்தையும் திருத்தினேன். தேங்கிய 11 அறிக்கைகளும் அன்று மாலையே போய்ச் சேர்ந்தன. அப்பாடா!