போர்க்காலத்தில் செதேர் விருந்து: முதல் முறை கைகொடுப்பவர்களுக்கு

இஸ்ரேலில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எகிப்தில் அடிமைப்பட்டிருந்த யூத முன்னோர் விடுதலையான கதையைப் படித்துக்கொண்டே சாப்பிடும் இரவுதான் செதேர். பெசாஹ் பண்டிகையின் முதல் இரவு. 2024-இல் அது ஏப்ரல் 22 அன்று வந்தது. ஈரானின் ஏவுகணைகள் வந்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது. எங்கள் வீட்டில் அன்று பதினான்கு பேர்.

1. சமையலுக்கு முன் வழியைப் பாருங்கள்

டெல் அவீவ் பக்கம் சைரன் ஒலித்தால் ஒளிய 90 விநாடி. காசா எல்லையோர ஸ்டெரோட்டில் 15 தான். 1991 வளைகுடாப் போருக்குப் பிறகு கட்டிய வீடுகளில் மமாத் என்ற கான்கிரீட் அறை இருக்கும். எங்கள் மமாத்தில் இஸ்திரி மேசையும் பெட்டிகளும் அடைந்து கிடந்தன. எல்லாவற்றையும் வெளியேற்றிவிட்டு, கைப்பேசியில் நேரம் வைத்து, சவ்தாவை (பாட்டியை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்) வாக்கரோடு நடத்திப் பார்த்தேன். மேசையின் தலைமாட்டிலிருந்து கிளம்பினால் நாற்காலிகள் இடித்து இரண்டு நிமிடம் ஆனது. கதவோரம் உட்கார்ந்தால் நாற்பது விநாடி. எப்போதும் உட்காரும் இடத்தை விட்டுக்கொடுக்க அவருக்கு மனமே இல்லை, இருந்தாலும் மாற்றிவிட்டேன்.

மமாத்துக்குள் தண்ணீர், மாத்திரை, டார்ச், ஒரு பாக்கெட் மட்ஸா (புளிக்காத தட்டை ரொட்டி), கூடவே செதேர் நூலான ஹகாதா ஒரு பிரதி. உள்ளே போனாலும் விட்ட இடத்திலிருந்து படிக்கலாம்.

2. ஹமெட்ஸை அகற்றுங்கள்

கோதுமை, பார்லி போன்றவற்றில் செய்த புளித்த பண்டம் எதுவும் பண்டிகையில் ஆகாது. ரொட்டி மட்டுமல்ல, நம் ரவை, மைதா, சேமியாவும் போய்விடும். பெருங்காயத்தூளிலும் கோதுமை மாவு கலந்திருக்கும், டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். ஐரோப்பிய வழி வந்த அஷ்கெனாஸி வீடுகளில் பெரும்பாலும் அரிசி, பருப்பும் கிடையாது. ஒரு வாரம் ரசம் சோறு இல்லாமல் எனக்குத்தான் கொஞ்சம் கஷ்டம்.

3. செதேர் தட்டு

சுட்ட எலும்பு, சுட்ட முட்டை, கசப்புக் கீரை, உப்புநீரில் தொட்டுக்கொள்ள பார்ஸ்லி, அப்புறம் ஹரோசெத். இது அடிமைகள் பிசைந்த செங்கல் சாந்தின் நினைவு. மூன்று ஆப்பிளைத் துருவி, ஒரு கை வால்நட்டை இடித்துப் போட்டு, லவங்கப்பட்டைத் தூளும் கொஞ்சம் இனிப்பு ஒயினும் விட்டுப் பிசையுங்கள். கரண்டியில் ஒட்டி நிற்க வேண்டும், வழியக் கூடாது. பொருள் கிடைக்கவில்லையா? 1862-இல் அமெரிக்க உள்நாட்டுப் போரில் மேற்கு வர்ஜினியாவில் செதேர் நடத்திய யூதச் சிப்பாய்கள் ஹரோசெத்துக்குப் பதிலாக நிஜச் செங்கல்லையே தட்டில் வைத்தார்கள்!

மட்ஸாவைக் கடையில் வாங்கிவிடுங்கள். மாவில் தண்ணீர் பட்டு 18 நிமிடத்துக்குள் சுட்டெடுக்க வேண்டும், நமக்கு ஆகிற காரியமில்லை.

4. மெழுகுவர்த்தியும் ரேடியோவும்

சூரியன் மறையுமுன் ஏற்றிய விளக்கை ஆசாரமான வீடுகளில் அணைக்க மாட்டார்கள். எல்லோரும் மமாத்துக்கு ஓடினால் எரியும் விளக்கு தனியாக நிற்கும். திரைச்சீலைக்குத் தள்ளி, ஆழமான எவர்சில்வர் தட்டில் வையுங்கள். அவர்கள் கைப்பேசியையும் தொட மாட்டார்கள். ஆனால் உயிர் காப்பது அநேகமாக எல்லா விதிக்கும் மேல் என்பது அவர்கள் சமயமே சொல்வது. அதனால் எச்சரிக்கை வந்தால் மட்டும் பேசும் 'மௌன அலைவரிசை' ரேடியோவை முன்கூட்டியே போட்டு மூலையில் வைத்துவிடுங்கள்.

5. விருந்தினர்

"பசித்தவர் எவரும் வந்து உண்ணட்டும்" என்று அரமேய மொழியில் சொல்லித்தான் வாசிப்பே ஆரம்பிக்கும். எங்களுக்கு லெபனான் எல்லையிலிருந்து வெளியேற்றப்பட்டு ஹோட்டலில் தங்கியிருந்த ஒரு குடும்பம் வந்தது. 2023 அக்டோபரில் ஹமாஸ் காசாவுக்குப் பிடித்துப்போன பணயக்கைதிகளுக்காக ஒரு நாற்காலியைக் காலியாக விட்டோம். எந்தக் குழந்தையை யார் தூக்குவது என்று உட்காரும்போதே பேசிவிடுங்கள். நான்கு கோப்பை ஒயின் உண்டு. முதியவரைக் கைப்பிடித்து அழைத்துப் போகிறவருக்குத் திராட்சைச் சாறு போதும்.

எகிப்தின் மேல் கடவுள் அனுப்பிய பத்து வாதைகளைச் சொல்லும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டு ஒயினை விரலால் தொட்டுத் தட்டில் விடுவார்கள். எதிரியின் வேதனையால் நம் மகிழ்ச்சியும் குறைகிறது என்பது அதற்குச் சொல்லப்படும் பொருள். காசாவை நினைத்தோ என்னவோ, அன்று அந்த இடத்தில் சவ்தாவின் பேத்தி விரலைத் துடைக்காமல் வெகுநேரம் வைத்திருந்தாள்.

கடைசியில் எலியா தீர்க்கதரிசிக்காகக் கதவைத் திறக்க வேண்டும். "போய்த் திறடா" என்றதும் ஹோட்டலிலிருந்து வந்த ஆறு வயதுப் பையன் ஓடிப்போய் மமாத் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான்.